ஊரை விட்டுப் போகிறவர்கள் வீட்டு நாயை என்ன செய்வது?

மாட்டை விற்கலாம். ஆட்டைச் சந்தைக்கு ஓட்டலாம். கோழிகளை உறவுக்காரர் வாங்கிக்கொள்வார். வைக்கோலுக்கும் பழைய மோட்டாருக்கும்கூட ஆள் வந்துவிடும். குடும்பத்தோடு ஊரை விட்டுப் புறப்படும் விவசாயிக்குக் கடைசி நாள் வரை விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. வாசலில் படுத்திருக்கும் நாயை என்ன செய்வது?

சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டை வட்டாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது புதிய சங்கதி அல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று தொழிலுக்குப் போன நகரத்தார் குடும்பங்கள் பின்னர் பெரிய நகரங்களில் தங்கிவிட்டன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டிருக்கும் வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. தை மாதத்தில் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்பு செவ்வாய்ப் பொங்கல் வைக்க வரும்போது திறக்கும் கதவுகள், பொங்கல் முடிந்ததும் சாத்தப்பட்டுவிடும். இப்போது சுற்றுக் கிராமங்களின் சிறு விவசாயக் குடும்பங்களும் அதே வழியில் போகின்றன. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலையில், பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போகிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களையும் ஒருநாள் அழைத்துக்கொள்கிறார்கள். பன்றியையும் மயிலையும் கடலைக் காட்டிலிருந்து விரட்டி, மோட்டார் கொட்டகையில் ஒயர் திருட வருகிறவனைக் குரைத்தே ஓட்டிய நாய்க்கு மட்டும் அன்று போக்கிடம் இல்லை.

“நாய்தானே, நாலு வீட்டில் சோறு தின்று பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். இது பெரும்பாலும் பலிப்பதில்லை. வீட்டு நாய்க்கு வீடு என்பது ஒரு குறிப்பிட்ட வாசல், குறிப்பிட்ட சில மனிதர்கள், குறிப்பிட்ட நேரத்துச் சோறு. இவை மூன்றும் ஒரே நாளில் இல்லாமல் போனால், பூட்டிய கதவின் முன்னாலேயே பல நாட்கள் படுத்துக் கிடக்கும். அந்தத் தெரு ஏற்கெனவே வேறு நாய்களின் எல்லையாக இருப்பதால் கடிபடும். வயதான நாய் அப்படியே முடிந்துபோகும். இளம் நாயாக இருந்தால் பசி தாங்காமல் ஏதாவது ஒரு கூட்டத்தோடு சேரும்.

விவசாயிகள் கவலைப்பட வேண்டியது இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான். தனி நாயாக இருக்கும்போது பட்டியின் பக்கமே போகாத நாய், நாலைந்து நாய்களோடு சேர்ந்தால் இரவில் ஆட்டின் மேல் பாயும். ஒரு முறை ருசி கண்டுவிட்டால் அதை மறக்கச் செய்வது கடினம். காங்கயம், சென்னிமலைப் பகுதிகளில் 2024, 2025 ஆண்டுகளில் தெருநாய்களால் பட்டி பட்டியாக ஆடுகளை இழந்த விவசாயிகள், இழப்பீடு கேட்டுச் சாலைக்கே வந்து போராட நேர்ந்தது. தெருநாய் என்று நாம் சொல்லும் கூட்டத்தில், ஒரு காலத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட வீட்டு நாய்களும் இருக்கின்றன. அவிழ்த்துவிட்டுப் போகிறவர் தம் நாயை மட்டும் விட்டுப் போகவில்லை. பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரு நட்டத்தையும் வைத்துவிட்டுப் போகிறார்.

வெறிநோய் ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டிய தடுப்பூசி, சொந்தக்காரர் இல்லாத நாய்க்குத் தவறிப்போகிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் ஏறத்தாழ முழுவதும் நாய்க் கடியினால் வருவதுதான். நோய் வெளிப்பட்ட பிறகு அநேகமாக எவரும் பிழைப்பதில்லை.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். சட்டத்தில் எழுதப்பட்ட அபராதம் முதல் குற்றத்திற்கு 10 முதல் 50 ரூபாய். தொகை சிறியது என்பதால் குற்றமும் சிறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாயை மாற்றத்தான் வேண்டுமா?

வேறிடம் தேடுவதற்கு முன்னால், நாய் அங்கேயே இருக்க வழி உண்டா என்று பார்ப்பது நல்லது. மகன் குடும்பம் மட்டும் போகிறது, வீட்டில் அப்பத்தா இருக்கிறார் என்றால், “அவரால் நாயைப் பார்க்க முடியாது” என்று அதை அப்புறப்படுத்துவது சரியல்ல. தனியே இருக்கும் முதியவருக்கு அந்த வீட்டில் நாயைவிடச் சிறந்த துணை கிடையாது. வாசலில் அந்நியர் வந்தாலும், கொல்லையில் பாம்பு வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். தடுப்பூசிக்குக் கொண்டுபோக மட்டும் ஆள் ஏற்பாடு செய்தால் போதும்.

பத்து வயதைத் தாண்டிய நாய்க்குப் புது வீடு அநேகமாக ஒத்துவராது. கண்ணும் காதும் மங்கிய காலத்தில் அதற்குத் துணை, பழகிய தரையும் பழகிய வாசனையும்தான். இப்படிப்பட்ட நாயை அதே வீட்டுத் திண்ணையில் விட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமோ சோற்றுப் பொறுப்பை ஒப்படைப்பதே மேல். ஆனால் வாய்ச்சொல்லோடு நிறுத்தக் கூடாது. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் கால் கிலோ அரிசியின் சோறும், அதோடு மீனோ முட்டையோ கொஞ்சமும் வேண்டும். மாதத்துக்கு ஏழரைக் கிலோ அரிசி ஆகிறது. அதையும் மீனுக்கான பணத்தையும் மாதா மாதம் கொடுத்துவிட வேண்டும். வெளியூரில் இருந்து வீட்டு வரியும் மின்கட்டணமும் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய செலவு அல்ல. உபகாரமாகப் போடும் சோறு இரண்டு மாதத்தில் குறைந்துவிடும். கூலி கொடுத்துப் போடச் சொன்ன சோறு குறையாது.

தீராத நோயில் துடிக்கும் நாயாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் முடிவை ஏற்க வேண்டும். விஷம் வைப்பது கொடுமை என்பதோடு, அதைத் தின்னும் காக்கையும் கோழியும் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து சாகும்.

யாரிடம் கொடுக்கலாம்?

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கேட்டு வருகிற முதல் ஆளிடம் கொடுத்துவிடாமல் நாய் இதுவரை செய்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் அவிழ்ந்தே திரிந்த நாயை நகரத்தில் மாடி வீட்டுக்குக் கொடுத்தால் அது நாள் முழுக்கக் குரைக்கும். ஒரு மாதத்தில் அந்த வீட்டார் அதைத் தெருவில் விடுவார்கள். வீட்டுக்குள் குழந்தைகளோடு வளர்ந்த நாயை, ஆள் எப்போதாவது வந்து போகும் பண்ணையில் சங்கிலியில் கட்டிப் போட்டால், அது சீறும் நாயாகிவிடும். வேலை ஒத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பகலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

ஆட்டுக் கிடைக்குக் கொடுக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளின் கீதாரிகள் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்கள் வரைக்கும் கிடை போடப் போகிறவர்கள். அவர்களுக்கு நாய் தேவைதான். ஆனால் கிடை நாய் குட்டியிலிருந்தே ஆட்டு வாசனையில் வளர்ந்து, மந்தையோடு நடந்து பழகியது. ஐந்து வயது வரை திண்ணையில் படுத்த நாய் அந்த நடைக்குத் தாங்காது. ஆட்டைத் துரத்தாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட நாயாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

நாய் ஒடிசலாக, கால் நீண்டு, கன்னி அல்லது சிப்பிப்பாறை சாயலில் இருந்தால் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தனி இனங்களாகப் பதிவு பெற்றபின் மதிப்பும் ஏறியிருக்கிறது. முயல் வேட்டைக்கென்று கேட்பவருக்குக் கொடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். மாட்டிக்கொண்டால் வழக்கு ஒருபுறம், நாய் கதியற்றுப் போவது மறுபுறம். குட்டி போட்டு விற்பதற்காக மட்டும் கேட்பவரையும் தவிர்ப்பது நலம்.

பெட்டை நாயை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆண்டுக்கு இரு முறை பருவத்துக்கு வரும், ஒவ்வொரு முறையும் தெரு நாய்கள் வாசலில் கூடும், 63 நாள் கழித்துக் குட்டிகளை என்ன செய்வது என்ற கவலை வரும். கருத்தடை அறுவை செய்துவிட்டுக் கொடுத்தால் இந்தத் தடை மூன்றும் நீங்கும். இதற்குப் பிடிக்கும் செலவையும் ஓரிரு வார அலைச்சலையும் நாயைக் கொடுப்பவரே ஏற்றுக்கொள்வது நியாயம்.

நகரத்துக் காப்பகங்களை நம்பியிருப்பது கிராமத்து நாய்க்குப் பொருந்தாது. சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் நல்ல பணி செய்கின்றன. ஆனால் அங்கு அடிபட்ட நாய்களே நிறைந்திருக்கும். ஆரோக்கியமாக இருக்கும் நாய்க்கு நம் சுற்றுவட்டாரத்திலேயே இடம் தேடுவதுதான் முறை. பால் ஊற்றும் வீடுகள், உரக்கடை, கூட்டுறவுச் சங்கம், கால்நடை மருந்தகம் ஆகிய இடங்களில் சொல்லி வைத்தால் செய்தி தானே பரவும். தூரத்திலும் ஒரு கணக்கு உண்டு. அடுத்த தெருவில் கொடுத்தால் நாய் பழைய வாசலுக்கே வந்து நிற்கும். நூறு மைலுக்கு அப்பால் கொடுத்தால், ஒத்துவராத நிலையில் திருப்பி வாங்க வழியில்லை. பஸ் போய் வரும் தூரத்தில், நடுவில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும்படி பார்த்துக் கொடுப்பது பொருத்தமாக இருக்கும்.

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

வெறிநோய்த் தடுப்பூசி போட்டவுடன் பலன் வந்துவிடாது. முதல் முறையாகப் போடும் ஊசிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். ஆகவே புறப்படும் அன்று அவசரமாக ஊசி போட்டு ஒப்படைப்பதில் பயன் குறைவு. ஒரு மாதம் முன்பே போட்டு, ஊசி போட்ட நாள் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும். உண்ணிக்கும் அப்போதே மருந்திட வேண்டும்.

புது வீட்டில் செம்மறியோ வெள்ளாடோ இருந்தால் குடற்புழு நீக்கம் மிகவும் அவசியம். இதன் காரணம் பல விவசாயிகளுக்குத் தெரிவதில்லை. நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுகிறது. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் உடம்புக்குள் போய், இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்து, அங்கே நீர் நிறைந்த கட்டியாக வளர்கிறது. அந்த ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றும், மந்தையை விட்டு விலகும், தடுமாறி விழும். “தலைச்சுற்று” என்று சொல்லி அறுத்துவிடுவார்கள். அறுத்த தலையை நாய்க்குப் போடுவார்கள். கட்டியிலிருந்து மறுபடியும் நாயின் குடலில் புழு வளர்கிறது. இப்படி நாய்க்கும் ஆட்டுக்குமாக நோய் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாயைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது. ஆகவே எல்லாப் புழு மருந்தும் ஒன்றுதான் என்று எண்ணாமல், நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் சேர்ந்த மருந்தை நாயின் எடைக்கு ஏற்ற அளவில் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்: சுற்று நோய் கண்ட ஆட்டின் தலையை எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும், பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது.

பருவத்தில் இருக்கும் பெட்டையையும், சினை முற்றியதையும், குட்டிக்குப் பால் கொடுப்பதையும் அந்தச் சமயத்தில் இடம் மாற்றக் கூடாது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் மாற்றக் கூடாது. பழகிய வீட்டில் இருந்தால் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் பதுங்கும் நாய், புதிய வீட்டிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

உழவு மாட்டை விற்கும்போது அதன் சுழி, நடை, எந்தப் பக்கம் இழுக்கும், ஆள் வந்தால் முட்டுமா என்று எல்லாம் பேசப்படுகின்றன. நாய்க்கு மட்டும் யாரும் இதைப் பேசுவதில்லை. உண்மையில் நாய்க்குத்தான் இது அதிகம் தேவை. சோற்றுத் தட்டைத் தொட்டால் உறுமுமா? கோழியைத் துரத்துமா? சைக்கிளைக் கண்டால் பாயுமா? எப்போதாவது யாரையாவது கடித்திருக்கிறதா? கடித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று மறைத்துக் கொடுத்த நாய், அந்த வீட்டுக் குழந்தையைக் கடித்த பிறகு பேசிப் பயனில்லை. எந்தப் பெயருக்குத் திரும்பும், எத்தனை மணிக்குச் சாப்பிடும், சோற்றோடு கருவாட்டுக் குழம்பா மோரா என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரை மாற்றாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

கொண்டுபோய் விடுதல்

மாடு விற்றால் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புதுக் கயிறு போட்டு அனுப்புவது பல ஊர்களில் வழக்கம். நாய்க்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பழைய கயிறு, சோற்றுத் தட்டு, படுத்த சாக்கு, வீட்டார் கட்டிய பழைய கைலி ஒன்று, எல்லாவற்றையும் துவைக்காமல் கூடவே அனுப்ப வேண்டும். புது இடத்தில் அதற்கு ஆறுதல் தருவது அந்த வாசனைதான்.

வழி தெரியாமல் இருக்கட்டும் என்று நாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. நாய்க்கு உடம்பில் வேர்வை அவ்வளவாக இல்லை. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. சாக்குக்குள் வெயிலில் அரை மணி நேரம் இருந்தாலே செத்துவிடக்கூடும். வழி மறைவதும் இல்லை. செக் நாட்டில் 27 வேட்டை நாய்களுக்குக் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டிக் காட்டில் விட்டுப் பார்த்த ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. போன தடத்தையே மோப்பம் பிடித்துத் திரும்பியவை பல. புது வழியில் திரும்பியவையோ, முதலில் வடக்கு தெற்காகச் சுமார் 20 மீட்டர் ஓடிவிட்டுப் பிறகு சரியான திசையைப் பிடித்தன. பூமியின் காந்தத்தை நாய் உணர்கிறது போலும் என்பது அவர்கள் கருத்து. நம் ஊர்ப் பெரியவர்கள் “நாய்க்குத் திசை தப்பாது” என்று சொல்வதற்கு ஓரளவு ஆதாரம் கிடைத்திருக்கிறது. எனவே மறைக்க முயல்வதைவிட, காலையில் வெறும் வயிற்றோடு, திறந்த வண்டியில் கயிற்றைப் பிடித்தபடி கூட்டிப்போவதே நன்று.

கூடுமானால் அதற்கு முன் இரண்டு முறை புது வீட்டார் வந்து தங்கள் கையால் சோறு போட்டுப் பழக வேண்டும். ஒப்படைக்கும் அன்று பழைய வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் அங்கே இருந்து, நாய் படுத்த பிறகு ஆரவாரமின்றி வந்துவிடலாம். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவது மனிதருக்கு ஆறுதல். நாய்க்கு அது கலவரம்.

புது வீட்டில் முதல் மாதம்

முதல் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை, தண்ணீர் குடித்தால் போதும். மூன்று நாளுக்கு மேலும் சோற்றைத் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரம் வரை அவிழ்த்து விடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் நீளக் கயிற்றில் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரே ஆள் சோறு போட்டு வந்தால் விரைவில் பழகும். கோழிகளையும் குட்டிகளையும் கயிற்றில் பிடித்தபடியே தினமும் காட்டி, பாராமல் இருந்தால் தட்டிக் கொடுத்து, பதினைந்து நாளுக்குப் பிறகே தளர்த்த வேண்டும். அப்போதும் இரவில் பட்டி பூட்டியிருப்பது நல்லது.

குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது. பயத்தில் இருக்கும் நல்ல நாயும் கடிக்கும். கடித்துவிட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். கைத்தோலில் போடும் ஊசிக்கு முதல் நாள், 3, 7, 28 என்று நாள் கணக்கு உண்டு. இடையில் நிறுத்தக் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதால் மனிதருக்கு வேண்டாம் என்று தாமாக முடிவு செய்யவும் கூடாது. கடித்த நாயை அடித்து விரட்டாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனித்து வர வேண்டும்.

பழைய வீட்டார் முதல் மாதத்தில் பார்க்கப் போகாமல் இருப்பது நல்லது. சிங்கப்பூரிலிருந்து கைபேசியில் கூப்பிட்டு நாயிடம் பேசுகிறவர்கள் இப்போது உண்டு. குரல் கேட்டதும் அது வாசலுக்கும் வேலிக்கும் ஓடி ஆளைத் தேடும், அன்று இரவெல்லாம் ஊளையிடும். புது வீட்டாரிடம் விசாரித்துக்கொண்டால் போதும்.

ஒப்படைக்கும்போதே ஒரு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்துவராவிட்டால் தெருவில் விடக் கூடாது, திருப்பித் தர வேண்டும். பழைய வீட்டார் ஊரில் இருக்க மாட்டார்கள் என்றால், திருப்பி வாங்கிக்கொள்ள ஊரிலேயே இருக்கும் மாமாவையோ சித்தப்பாவையோ முன்னிறுத்தி, அவரையும் அன்று உடன் அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசி அட்டையில் அடுத்த ஊசிக்கான தேதியையும் அவருடைய கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.